ஓர் ஆப்ஜெக்ட்டின் 11 பண்புகளையும் சுருக்கமாகச் சோதிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். பைத்தானில் எழுதப்பட்ட ஒரு பழைய நிரலுக்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்) எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஒரு வரியைப் படித்து, அதைக் கொண்டு 'ஆர்டர்' என்னும் ஆப்ஜெக்ட்டை உருவாக்கித் தருகிற ஃபங்ஷனைத்தான் நான் சோதிக்க வேண்டும். அந்த ஆப்ஜெக்ட்டுக்கு 11 பண்புகள் இருக்கின்றன: ஆர்டர் எண், வாடிக்கையாளர் பெயர், மின்னஞ்சல், பொருளின் குறியீடு, எண்ணிக்கை, ஒன்றின் விலை, தள்ளுபடி, மொத்தம், நிலை, குறிப்பு, உருவான நேரம்.

முதலில் ஒரே சோதனைக்குள் 11 அசெர்ட் வரிகளை (மதிப்பு எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் சோதனையைத் தோற்கடிக்கும் வரிகள்) வரிசையாக எழுதினேன். மூன்றாவது வரி தோற்றவுடன் சோதனை அங்கேயே நின்றுவிடுவதால், மீதமுள்ள 8 பண்புகளின் நிலை என்னவென்று தெரியவில்லை. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டினால் ஏழாவது தோற்றது. பிறகு பண்புக்கு ஒன்றாக 11 சோதனைகளாகப் பிரித்தேன். கோப்பு 120 வரிகளைத் தாண்டிவிட்டது. ஒரே விஷயம் 11 முறை எழுதப்பட்டிருப்பதால் எதில் எது வேறுபடுகிறது என்று படிப்பவருக்குப் புலப்படவில்லை என்று நிரலை மீளாய்வு செய்த சக பணியாளர் சொன்னார். அவர் சொன்னது நியாயமே.

மூன்றாவதாக, பண்பின் பெயரையும் எதிர்பார்க்கும் மதிப்பையும் ஒரு டிக்ஷனரியில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் தொகுப்பு) வைத்து, பெயரைக் கொடுத்தால் பண்பின் மதிப்பைத் தரும் 'கெட்அட்டர்' மூலம் ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிடும் லூப் ஒன்றை எழுதினேன். அது நான்கே வரிகளில் முடிந்தது. ஆனால் நேற்று அது தோற்றபோது வந்த செய்தி, 'புதிது ' என்பதும் 'புதிது' என்பதும் சமமில்லை என்பது மட்டுமே. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது புரிந்தது. எந்தப் பண்பில் என்பது புரியவில்லை. என் மாதிரி வரியில் நிலை, குறிப்பு ஆகிய இரண்டிலுமே 'புதிது' என்றுதான் எழுதியிருந்தேன். ஆங்காங்கே பிரிண்ட் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சோதனை சுருக்கமாகவும் இருக்க வேண்டும், தோற்றால் பண்பின் பெயரையும் சொல்ல வேண்டும், பிழையான எல்லாப் பண்புகளையும் ஒரே ஓட்டத்தில் காட்டவும் வேண்டும். இதற்கு வழி உண்டா? பைத்தானின் சோதனைக் கருவிகளான யூனிட்டெஸ்ட், பைடெஸ்ட் இரண்டையும் பயன்படுத்த எனக்கு அனுமதி உண்டு.

பதில் 1

பண்புகளைத் தனித்தனியாக ஒப்பிடுவதை விட்டுவிட்டு, எதிர்பார்க்கும் ஆப்ஜெக்ட்டை முழுமையாக ஒருமுறை உருவாக்கி, கிடைத்த ஆப்ஜெக்ட்டோடு ஒரே அசெர்ட்டில் ஒப்பிடுங்கள். 2018-இல் வெளியான பைத்தான் 3.7 முதல் டேட்டாகிளாஸ் வசதி இருக்கிறது. கிளாஸின் தலையில் அதற்கான டெக்கரேட்டர் வரியைப் போட்டுவிட்டால், இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் சமமா என்பதைப் பண்பு பண்பாகப் பார்க்கும் மெத்தடைப் பைத்தானே எழுதிக்கொள்ளும். பைடெஸ்ட்டில் அது தோற்கும்போது, வேறுபடுகிற பண்புகளைப் பெயரோடு தனியாகப் பிரித்துக் காட்டும். ஆகவே நீங்கள் கேட்ட மூன்றும் அந்த ஒரே வரியில் கிடைத்துவிடும்.

யூனிட்டெஸ்ட்டில் அப்படி வராது. இரண்டு நீளமான உரைகளை அருகருகே காட்டிவிட்டு நின்றுவிடும். வேறுபாட்டை நாம்தான் கண்ணால் தேட வேண்டும். அங்கே இரண்டு ஆப்ஜெக்ட்டுகளையும் 'ஆஸ்டிக்ட்' மூலம் டிக்ஷனரியாக்கி ஒப்பிட்டால், பண்புக்கு ஒரு வரியாகப் பிரித்து, வேறுபடும் வரிகளுக்கு முன்னால் கழித்தல், கூட்டல் குறிகளை இட்டுக் காட்டும். வேறுபாடு 640 எழுத்துகளுக்கு மேல் நீண்டால் அது காட்டப்படாமல் விடப்படும் என்பதால், சோதனை கிளாஸில் 'மேக்ஸ்டிஃப்' என்னும் அந்த வரம்பை 'நன்' (வெற்று மதிப்பு) ஆக்கிவிடுங்கள். 11 பண்புகள் உள்ள ஆப்ஜெக்ட்டுக்கு இது தேவைப்படலாம்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. உடனே முயன்று பார்த்தேன். ஆனால் இரண்டு தடைகள் வந்தன.

இந்த 'ஆர்டர்' டேட்டாகிளாஸ் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சாதாரண கிளாஸ். அதற்குச் சமத்தன்மையைத் தீர்மானிக்கும் மெத்தட் ஏற்கெனவே உண்டு என்பதால், அப்படியே முழு ஒப்பீட்டை எழுதி ஓட்டினேன். சோதனை தேறியது. ஏனோ மனம் ஒப்பாமல், எதிர்பார்க்கும் ஆப்ஜெக்ட்டில் மொத்தத்தை வேண்டுமென்றே தவறாக மாற்றி மீண்டும் ஓட்டினேன். அப்போதும் பச்சைதான், அதாவது சோதனை தேறியது. கிளாஸைத் திறந்து பார்த்தால், அந்த மெத்தட் ஆர்டர் எண்ணை மட்டுமே ஒப்பிடுகிறது. மற்ற 10 பண்புகளில் எது எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

அதை மாற்றலாம் என்றால், நிரலின் வேறு பகுதிகள் இந்த ஆப்ஜெக்ட்டுகளை 'செட்' ஒன்றில் சேர்த்து, ஒரே எண் இரண்டு முறை வந்தால் நீக்குகின்றன. சோதனையின் வசதிக்காக அதில் கை வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 2

உங்கள் தயக்கம் சரியானது; கிளாஸைத் தொடாதீர்கள். தவறான மதிப்பைக் கொடுத்து, சோதனை தோற்கிறதா என்று பார்த்தீர்களே, அதையும் விட்டுவிடாதீர்கள். தோற்க வேண்டிய நேரத்தில் தோற்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்த பிறகே ஒரு சோதனையை நம்பலாம்.

நீங்கள் கண்டது அரிதான நிலைமையும் அன்று. ஜாங்கோ என்னும் பைத்தான் வலைச் சட்டகத்தின் மாடல் ஆப்ஜெக்ட்டுகளும் முதன்மைச் சாவி (பதிவின் தனி அடையாளம்) ஒன்றாக இருந்தால் சமம் என்றே சொல்லும். மற்ற பண்புகளை அவை ஒப்பிடுவதில்லை. நிரலின் பார்வையில் 'இரண்டும் ஒரே ஆர்டரா' என்ற கேள்விக்கு அது சரியான விடை. சோதனை கேட்பதோ 'எல்லா மதிப்புகளும் சரியாக நிரம்பினவா' என்ற வேறொரு கேள்வி. ஆகவே சோதனையின் கேள்விக்கு கிளாஸின் சமத்தன்மை மெத்தடை நம்பி இருக்கக் கூடாது. டேட்டாகிளாஸிலும் ஒரு பண்பை ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்க இடமுண்டு என்பதால், இதே பொறி அங்கேயும் இருக்கிறது. மேலும், வேறு எதையும் குறிப்பிடாமல் டேட்டாகிளாஸ் டெக்கரேட்டரைப் போட்டு, செட்டுக்குத் தேவையான ஹாஷ் மெத்தடையும் நாமே எழுதாமல் விட்டால், அந்த ஆப்ஜெக்ட்டை செட்டில் சேர்க்க முடியாமல் போகும். உங்கள் நிரல் அங்கே உடைந்திருக்கும்.

உங்கள் மூன்றாவது முயற்சியே விடைக்கு மிக அருகில் வந்திருந்தது. லூப்புக்குள் ஒவ்வொன்றாக ஒப்பிட்டதுதான் அதன் குறை. அதற்குப் பதிலாக, எதிர்பார்க்கும் டிக்ஷனரியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஆப்ஜெக்ட்டிலிருந்து மதிப்பை எடுத்து, அதே சாவிகளைக் கொண்ட இரண்டாவது டிக்ஷனரி ஒன்றை உருவாக்குங்கள். பிறகு இரண்டு டிக்ஷனரிகளையும் ஒரே ஒருமுறை ஒப்பிடுங்கள். டிக்ஷனரி காம்ப்ரிஹென்ஷனாக (லூப்பை ஒரே வரியில் சுருக்கி டிக்ஷனரியாக்கும் முறை) எழுதினால் அது ஒரு வரி, அசெர்ட் ஒரு வரி. கிளாஸின் சமத்தன்மை மெத்தடுக்கு இதில் வேலையே இல்லை. பிழையான எல்லாப் பண்புகளும் பெயரோடு ஒன்றாகத் தெரியும். சில பண்புகளை மட்டும் சோதிக்க வேண்டியிருந்தால் அவற்றை மட்டும் டிக்ஷனரியில் எழுதினால் போதும். யூனிட்டெஸ்ட், பைடெஸ்ட் இரண்டிலும் இது ஒழுங்காக வேலை செய்கிறது. லூப்பே வேண்டும் என்றால், பைத்தான் 3.4-இல் வந்த 'சப்டெஸ்ட்' உண்டு. பண்பின் பெயரை அதற்குக் கொடுத்தால், ஒன்று தோற்றாலும் அடுத்ததற்குச் சென்று, தோற்றவற்றின் பெயர்களை யூனிட்டெஸ்ட் அச்சிடும்.

இந்த ஒப்பீட்டில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. உருவான நேரத்துக்கு எந்த மதிப்பை எதிர்பார்ப்பது என்ற சிக்கல் உங்களுக்கு வரும். போலி ஆப்ஜெக்ட்டுகளுக்கான 'மாக்' தொகுப்பில் உள்ள 'எனி' எதனோடும் சமம் என்று சொல்லும் என்பதால் பலர் அதை அங்கே வைத்துவிடுகிறார்கள். நேரமே நிரம்பாமல் 'நன்' என்னும் வெற்று மதிப்பு இருந்தாலும் அது தேறிவிடும். நேரத்தை ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து ஓர் உள்ளீடாகக் கொடுக்க முடிந்தால், குறிப்பிட்ட ஒரு நேரத்தையே கொடுத்துச் சோதிப்பது எவ்வளவோ மேல். மற்றொன்று, பைத்தானில் 3 என்ற முழு எண்ணும் 3.0 என்ற தசம எண்ணும் சமம். 'ட்ரூ' என்பதும் 1-ம் கூடச் சமம். சிஎஸ்வியில் எல்லாமே உரையாகத்தான் வருகிறது என்பதால், உரையாக இருந்த '3' எண்ணாக மாறாமல் போனால் ஒப்பீடு பிடித்துவிடும். ஆனால் அது முழு எண்ணாக மாறியதா, தசம எண்ணாக மாறியதா என்பதைப் பிடிக்காது. அந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியம் என்றால், மதிப்பின் வகையைத் தனி வரியில் சோதியுங்கள்.

பதில் 3

நான் பெரும்பாலும் ஜாவாவில் வேலை செய்பவன். அங்கே ஜேயூனிட் 5 என்னும் சோதனைக் கருவியில் உள்ள 'அசெர்ட்ஆல்' தோற்றவற்றை எல்லாம் திரட்டிச் சொல்லும்; அசெர்ட்ஜே என்னும் நூலகத்தில் உள்ள ரிகர்சிவ் (உள்ளே உள்ளே செல்லும்) ஒப்பீடு, கிளாஸின் சமத்தன்மை மெத்தடைப் பொருட்படுத்தாமல் பண்பு பண்பாகப் பார்க்கும். இரண்டாம் பதிலில் சொல்லப்பட்ட கருத்து எந்த மொழிக்கும் பொருந்துகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன். நான் சொல்ல வந்தது வேறு.

11 பண்புகளும் ஒரே தரத்தவை அல்ல. பெயர், பொருளின் குறியீடு போன்றவை கோப்பிலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்படுகின்றன. அவற்றில் நேரக்கூடிய பிழை, ஒரு நெடுவரிசைக்குப் பதில் பக்கத்து நெடுவரிசையைப் படித்துவிடுவது மட்டுமே. அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே டிக்ஷனரி ஒப்பீடு போதும். மொத்தம், மின்னஞ்சல், நிலை ஆகிய மூன்றும் அப்படியல்ல. மொத்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும், மின்னஞ்சலுக்குப் பின்னால் இடைவெளியை நீக்கிச் சிறிய எழுத்தாக்கும் ஒரு விதியும், நிலைக்குப் பின்னால் அந்த இடம் காலியாக இருந்தால் என்ன மதிப்பு வர வேண்டும் என்ற ஒரு முடிவும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும், என்ன விதி என்பதைத் தன் பெயரிலேயே சொல்லும் ஒரு சிறு சோதனை வேண்டும். மின்னஞ்சலுக்குப் பல உள்ளீடுகள் தேவைப்படும் என்பதால் ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் பைடெஸ்ட்டின் 'பாராமெட்ரைஸ்' அங்கே பொருந்தும். சுருக்கம் என்ற பெயரில் இவற்றையும் பெரிய ஒப்பீட்டுக்குள் கரைத்துவிட்டால், விதி மாறும் நாளில் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாறாக, ஒரு சாதாரண கிளாஸில் பெயரைக் கொடுத்து அதே பெயரைத் திரும்பப் பெறுவதற்கென்று தனிச் சோதனை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பைத்தானைத்தான் சோதிக்கிறது.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்ட இன்னொன்று, நிலையிலும் குறிப்பிலும் ஒரே சொல்லை வைத்திருந்தது. பண்புக்குப் பண்பு மாதிரி மதிப்பு வேறுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரல் இரண்டையும் இடம் மாற்றி நிரப்பினாலும் சோதனை தேறிவிடும். எண்களில் இது இன்னும் ஆபத்தானது. எண்ணிக்கை 1, தள்ளுபடி 0 என்று வைத்துக்கொண்டால், மொத்தத்துக்கு நிரல் ஒன்றின் விலையையே அப்படியே எடுத்து வைத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எதனோடு பெருக்கினாலும் 1 மாற்றம் தராது, எதனோடு கூட்டினாலும் 0 மாற்றம் தராது. அதனாலேயே இவை இரண்டும் மாதிரி மதிப்புகளாக இருக்கத் தகுதியற்றவை. எண்ணிக்கை 3, விலை 250, தள்ளுபடி 40 என்பது போல வையுங்கள். எதிர்பார்க்கும் மொத்தத்தையும் சோதனைக்குள் கணக்கிட்டு வருவிக்காமல், கையால் கணக்கிட்டு எண்ணாகவே எழுதுங்கள். நிரலில் உள்ள அதே சூத்திரத்தைச் சோதனையிலும் எழுதினால், ஒரே பிழை இரண்டு பக்கமும் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாம் பதிலில் சொன்னபடி டிக்ஷனரி ஒப்பீட்டை எழுதினேன். உருவான நேரத்தை ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுக்கவும் அனுமதி பெற்றுவிட்டேன். மூன்று விதிகளுக்குத் தனிச் சோதனைகள் எழுதியபின், 120 வரிகளாக இருந்த கோப்பு இப்போது 46 வரிகளில் நிற்கிறது.

மாதிரி மதிப்புகளையும் மாற்றினேன். இதுவரை என் வரியில் எண்ணிக்கை 1, விலை 100, தள்ளுபடி 10 என்று இருந்தது. மொத்தம் 90 என்று எதிர்பார்த்தேன், அதுவே வந்துகொண்டிருந்தது. 3, 250, 40 என்று மாற்றி, தேவைக் குறிப்பில் உள்ளபடி முழு ஆர்டருக்கும் ஒருமுறை தள்ளுபடியைக் கழித்து 710 என்று கையால் எழுதினேன். நிரல் 630 என்று தந்தது. தள்ளுபடியை அது ஒவ்வொரு பொருளின் விலையிலிருந்தும் கழித்துவிட்டுப் பிறகு எண்ணிக்கையால் பெருக்குகிறது. எண்ணிக்கை 1 ஆக இருந்தவரை இரண்டு கணக்குக்கும் ஒரே விடைதான் வந்திருக்கிறது. 710, 630 ஆகிய இரண்டு எண்களையும் எழுதி, எது சரி என்று தேவைக் குறிப்பை எழுதியவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லும்வரை அந்தச் சோதனை சிவப்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.