டிடி (குடிச்சுட்டு வண்டி ஓட்டின) கேஸ், ரீடிங் 48. சலான்ல தொகையே இல்ல, எங்க கட்டறது?

கெடிலம்_கரை:
அவசரம். நேத்து நைட் சென்னையில செக்கிங்ல அண்ணன் மாட்டிக்கிட்டான். ஊதச் சொல்லி கேஸ் போட்டு, வண்டியையும் ஸ்டேஷன்லயே வெச்சுக்கிட்டாங்க. ஆன்லைன்ல சலான் பாத்தா கட்டற பட்டனே வரல. பத்தாயிரம் கட்டினா முடிஞ்சிருமா? வண்டிய எப்படி எடுக்கறது?

அளவுமானி:
பைக்கா காரா? ஊதினப்ப வந்த சீட்டு கையில இருக்கா, எத்தனை மணின்னு அதுல இருக்கும். இதுக்கு முன்னாடி இதே கேஸ் உண்டா? யார் மேலயாவது இடிச்சாரா? லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு? இதெல்லாம் தெரியாம பதில் சொன்னா தப்பாதான் போகும்.

மெயின்ரோடு:
இருமல் டானிக், மவுத்வாஷ் எது வாயில பட்டாலும் மெஷின் காட்டும். அதைச் சொன்னாலே கேஸ் நிக்காது.

திண்ணைவக்கீல்:
தலைப்பில் 48 என்று போட்டுவிட்டு உள்ளே ஒரு விவரமும் இல்லை. கேட்பவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 185-ஐ ஒரு தடவை வாசித்துவிட்டு வந்திருந்தால் பாதிக் கேள்வி குறைந்திருக்கும். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். ஹெல்மெட் கேஸ் போல அந்த இடத்திலேயே பணம் கட்டி முடிக்கிற குற்றங்களின் பட்டியல் பிரிவு 200-ல் இருக்கிறது. அதில் 185 கிடையாது. பட்டன் வராததற்குக் காரணம் அதுதான். மாஜிஸ்திரேட் தான் முடிவு செய்வார்.

கெடிலம்_கரை:
பைக். முதல் தடவை. யாரையும் இடிக்கல. நைட் 1 மணிக்கு ஊதினது. ஆனா குடிச்சது 8 மணிக்கு, ஒரு குவார்ட்டர்தான். தூங்கி எழுந்துதான் ஓட்டினான். மெஷின் தப்புன்னு சொல்லலாமா? பின்னாடி உக்காந்திருந்த ஃபிரெண்டு மேலயும் கேஸ்.

அளவுமானி:
மெஷின் தப்புன்னு தோணல. 180 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம்னா சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்துல உச்சமா 125, 130 மில்லிகிராம் வரைக்கும் போகும். ஈரல் மணிக்கு சராசரியா 15தான் கழிக்கும். 5 மணி நேரத்துல 75 போனா மிச்சம் 50 சொச்சம். உங்க 48 அப்படியே பொருந்துது. அந்தக் கணக்குல 30க்குக் கீழ வர ராத்திரி ரெண்டரையாவது ஆகும். எடை குறைஞ்சவருக்கு இன்னும் லேட்டாகும். தூக்கம், மோர், எலுமிச்சை, பச்சத் தண்ணில குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது.

@மெயின்ரோடு, வாயில ஒட்டின ஆல்கஹால் 15 நிமிஷத்துல போயிரும். உண்மையிலேயே அப்படி இருந்தா அங்கயே 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதக் கேட்டிருக்கணும், இல்ல ரத்தப் பரிசோதனை கேட்டிருக்கணும். மறுநாள் சொன்னா எடுபடாது.

மெயின்ரோடு:
அப்ப ஊதவே மாட்டேன்னு நின்னிருக்கலாமே?

திண்ணைவக்கீல்:
தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். குடித்திருப்பதாகச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்து, ஊத மறுத்தால் பிரிவு 203-ன்படி வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். பிறகு ரத்தம் எடுப்பார்கள். நியாயமான காரணமின்றி மறுத்ததே கோர்ட்டில் உங்களுக்கு எதிரான சான்றாகும், பிரிவு 205. ஒன்று மட்டும் உங்கள் பக்கம்: 185-ல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் விடுவிக்க வேண்டும்.

பாலத்தடி:
பின்னாடி உக்காந்தவர் மேல எப்படி கேஸ் போடலாம்? அவர் ஓட்டவே இல்லையே.

திண்ணைவக்கீல்:
பிரிவு 188. உடந்தையாக இருந்தால் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் இதை அறிவித்தே செய்தார்கள். தெரியாது என்பது சாக்கு அல்ல.

பாலத்தடி:
உடந்தைன்னா தூண்டணும், கூட்டுச் சதி பண்ணணும், இல்ல வேணும்னே உதவணும். பி.என்.எஸ். (இப்ப இருக்கற குற்றத் தண்டனைச் சட்டம்) 45 அதைத்தான் சொல்லுது. குடிச்சவன் கையில தெரிஞ்சே சாவியக் குடுத்தவர் உதவினவர், ஒத்துக்கறேன். சும்மா பின்னாடி உக்காந்தது எப்படி உதவியாகும்? அப்படின்னா ஆட்டோ டிரைவர் குடிச்சிருந்தா பயணியும் 10,000 கட்டணுமா?

திண்ணைவக்கீல்:
ஆட்டோவை இழுக்காதீர்கள். இங்கே இருவரும் நண்பர்கள், சேர்ந்து குடித்தவர்கள்.

பாலத்தடி:
சேர்ந்து குடிச்சாங்கன்னு அவர் எங்க எழுதியிருக்கார்? நீங்களா சேத்துக்கிட்டீங்க. வண்டி யாருது, சாவி யார்கிட்ட இருந்ததுங்கறதுதான் கேள்வி. ஃபிரெண்டு அவசரப்பட்டு ஒத்துக்க வேண்டாம், தனியா வக்கீல் வெச்சு வாதாடலாம்.

நாலாம்கேட்:
வண்டிய எப்படி எடுக்கறதுன்னு கேட்டாரே, யாரும் சொல்லல. பிடிச்சு வைக்கற அதிகாரம் பிரிவு 207ல இருக்கு. அது ஆர்.சி., லைசென்ஸ், பெர்மிட் இல்லாத மாதிரி வண்டிகளுக்கு. 185க்கு அப்படிக் கிடையாது. ஓட்டினவரைக் கைது பண்ணினா வண்டியத் தற்காலிகமா பத்திரப்படுத்தலாம், அவ்வளவுதான். குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஆள் வந்தா குடுத்துரணும்னு தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021ல சொல்லிருக்கு. அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்துக் காட்டலாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஓனர் ஆதார், கூட வர்றவர் லைசென்ஸ் எல்லாம் ஒரிஜினலும் நகலும் எடுத்துட்டுப் போங்க. தர மறுத்தா எழுத்துல மனு குடுத்து ரசீது வாங்குங்க. அதுக்கப்புறமும் தரலைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 503ல மனு போடலாம்.

கெடிலம்_கரை:
வண்டி கிடைச்சிருச்சு. ஆர்.சி. அப்பா பேர்ல இருந்ததால அவரே வரணும்னாங்க. கோர்ட் தேதி இன்னும் வரல. லைசென்ஸ வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு சீட்டு குடுத்திருக்காங்க, அதைக் காட்டி ஓட்டலாம்ல? நன்றி.

நாலாம்கேட்:
ஓட்டக் கூடாது! பிரிவு 206(4)ல வாங்கினா அந்தச் சீட்டு ரசீது மட்டும்தான், லைசென்ஸ் திரும்பக் கைக்கு வர்ற வரைக்கும் ஓட்ட அனுமதி இல்ல. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். கட்டாயம் நேர்ல போய் பதில் சொல்லணும். முதல் தடவைன்னா 3 மாசம் தகுதி நீக்கம் பண்ணலாம், ரெண்டாவது தடவைன்னா லைசென்ஸே ரத்து. உத்தரவு தப்புன்னு நினைச்சா 30 நாளைக்குள்ள அப்பீல். தகுதி நீக்கத்துல இருக்கறப்ப ஓட்டி மாட்டினா பிரிவு 182: 3 மாசம் வரை சிறை, இல்ல 10,000, இல்ல ரெண்டும்.

அளவுமானி:
ஊதின சீட்டை இன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைங்க. தெர்மல் பேப்பர், கொஞ்ச நாள்ல எழுத்து அழிஞ்சிரும்.