நிதி திரட்டும் விருந்துக்கு அதிக விலை: எதற்காகச் செல்வீர்கள், எதனால் தவிர்ப்பீர்கள்?

கேள்வி

வணக்கம். நான் உறுப்பினராக இருக்கும் சிறிய அறக்கட்டளை, நிதி திரட்டுவதற்காக முதன்முறையாக ஓர் இரவு விருந்து நடத்தலாமா என்று யோசித்து வருகிறது. அதே உணவை வெளியே உண்டால் ஆகும் செலவைப் போல நான்கு மடங்காவது நுழைவுச்சீட்டுக்கு விலை வைக்க வேண்டியிருக்கும். குழுவில் பாதிப் பேர், விலை உயர்ந்தால்தான் விருந்துக்கு மதிப்பு வரும் என்கிறார்கள்; மீதிப் பேர், இல்லாதவர்களின் பெயரைச் சொல்லி இருப்பவர்கள் விருந்துண்பதா என்று முகம் சுளிக்கிறார்கள். இத்தகைய விருந்துகளுக்குச் சென்றவர்களும், அழைப்பு வந்தும் செல்லாமல் இருந்தவர்களும் தங்கள் காரணத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும். என்ன பரிமாறலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். அதற்கு எங்கள் குழுவிலேயே தேவைக்கு மேல் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

மறுமொழி 1

நான் சென்றவன். சீட்டின் விலை என்னை ஒருபோதும் தடுத்ததில்லை. சீட்டு வாங்கிய பிறகு ஒவ்வொன்றாக வந்த மற்ற விலைகள்தான் அடுத்த ஆண்டு என்னைத் தடுத்தன. வாசலில் குலுக்கல் சீட்டு விற்றார்கள், உட்கார்ந்ததும் தட்டின் மேல் நன்கொடை உறை இருந்தது, பிறகு ஏலம் நடந்தது, அதற்கும் பிறகு ஒருவர் ஒலிவாங்கியுடன் வந்து, இவ்வளவு தருபவர்கள் கையை உயர்த்துங்கள் என்று பெரிய தொகையிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தார். கடைசிப் படியிலும் கை உயர்த்தாதவர் யார் என்று மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. விருப்பத்துடன் கொடுக்க வந்தவனைக் கூச்சத்தால் கொடுக்க வைத்தால், அன்று பணம் வரும்; ஆள் மறுபடி வரமாட்டான். ஏலம் உண்டு என்பதை அழைப்பிதழிலேயே எழுதியிருந்தால் எனக்கு எந்த வருத்தமும் இருந்திருக்காது. உரைகளைப் பற்றி ஒரு சொல்: மூன்று பேருக்கு மேல் பேச விடாதீர்கள்.

மறுமொழி 2

இரண்டு முறை இத்தகைய விருந்தின் வரவு செலவைக் கவனித்த அனுபவத்தில் எழுதுகிறேன். திரண்ட தொகை வேறு, மிஞ்சிய தொகை வேறு. மண்டபம், உணவு, ஒலி, அலங்காரம், அச்சு ஆகியவை போக, சீட்டு விற்ற பணத்தில் பாதிகூட மிஞ்சாத விருந்தை நான் பார்த்திருக்கிறேன்; ஆனால் மேடையில் அறிவிக்கப்பட்டது மொத்த வசூல்தான். தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் உழைத்த நேரத்தையோ எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

செலவு முழுவதையும் ஓர் ஆதரவாளர் ஏற்றுக்கொண்டார், ஆகவே உங்கள் பணம் முழுவதும் அறப்பணிக்கே என்று சொல்வது கவர்ச்சியான ஏற்பாடு. நானும் அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் விருந்தே இல்லாவிட்டாலும் அந்த ஆதரவாளர் அதே தொகையை நேராகத் தந்திருப்பாரா என்று முதலில் உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். தந்திருப்பார் என்றால், விருந்துக்குச் செலவானது அறப்பணியின் பணமே.

அமெரிக்காவில், ஒரு பொருளோ விருந்தோ பெற்றுக்கொண்டு அறநிறுவனத்துக்கு 75 டாலருக்கு மேல் செலுத்துபவருக்கு, பெற்றதன் மதிப்பு எவ்வளவு என்பதை அந்த நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அந்த மதிப்புக்கு மேற்பட்ட பகுதிக்குத்தான் வரிச்சலுகை கேட்க முடியும். உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, சீட்டிலேயே உணவுக்கு இவ்வளவு, கொடைக்கு இவ்வளவு என்று இரண்டு வரி அச்சிட்டுவிடுங்கள். நான்கு மடங்கு விலையைப் பற்றி உங்கள் குழுவுக்கு இருக்கும் தயக்கத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு வரியில் தீர்ந்துவிடும்.

மறுமொழி 3

உணவுக்காக யாரும் நான்கு மடங்கு கொடுப்பதில்லை. யாருடன் அமர்கிறோம் என்பதற்காகக் கொடுக்கிறார்கள். முதலீட்டாளர் வாரன் பஃபெட்டுடன் மதிய உணவு உண்ணும் வாய்ப்பு, சான் பிரான்சிஸ்கோவின் கிளைட் அறக்கட்டளைக்காக 2000 முதல் ஏலம் விடப்பட்டு, 2022இல் நடந்த ஏலத்தில் 1 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போனது. 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த ஏலத்தை வென்ற டெட் வெஷ்லர், பிறகு பஃபெட்டின் நிறுவனத்திலேயே பணிக்குச் சேர்ந்தார். அங்கே விலைபோனது உணவு அல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

கூட்டமே அருவருப்பாக அமைவதும் உண்டு. லண்டனில் ஆண்கள் மட்டும் கலந்துகொண்ட பிரசிடென்ட்ஸ் கிளப் என்ற அறக்கொடை அமைப்பின் விருந்தில் பணிப்பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளானதை 2018 ஜனவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டபோது, அந்த அமைப்பிடம் முன்பு பெற்ற நன்கொடையைத் திருப்பித் தருவதாக ஒரு குழந்தைகள் மருத்துவமனையே அறிவித்தது. பிரசிடென்ட்ஸ் கிளப்பும் மூடப்பட்டது.

உதவி பெறுபவர்களை மேடையேற்றாதீர்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். ஒரு விருந்தில், படிப்புதவி பெற்ற மாணவியை மேடையில் நிறுத்தித் தன் வறுமையைச் சொல்லச் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொரு விருந்தில், உதவி பெற்ற ஓர் இளைஞர் மற்ற விருந்தினரைப் போலவே என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். அரைமணி நேரம் எந்திரப் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசினோம்; அவர் யார் என்பதே எனக்குப் பேச்சின் முடிவில்தான் தெரிந்தது. இரண்டாவது அமைப்புக்கு இன்றுவரை கொடுத்து வருகிறேன்.

மறுமொழி 4

நான் செல்லாதவள். அழைப்பு வந்தால், சீட்டின் விலையை அப்படியே அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பேன். என்னைப் போன்றவர்களுக்காக, வர இயலாதவர்கள் கொடை மட்டும் அனுப்பலாம் என்று அழைப்பிதழின் அடியில் ஒரு வரி சேருங்கள். அதில் உங்களுக்குச் செலவே இல்லை.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. ஏலத்தைக் கைவிட்டோம், உணவின் மதிப்பையும் கொடையையும் சீட்டில் தனித்தனியே அச்சிட முடிவாகிவிட்டது, வராதவர்களுக்கான வரியும் சேர்கிறது. செலவை ஏற்க முன்வந்தவரிடம், விருந்து இல்லாவிட்டாலும் தருவீர்களா என்று நேற்று நானே கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, தருவேன் என்றார். எனவே நாளை குழு மறுபடி கூடுகிறது.