சப்ஸ்ட்ரேட்: ‘அடிமூலக்கூறு’ வேண்டாம், ‘தரைப்பாவு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாம்பு, பல்லி வளர்க்கும் பெட்டியின் அடியில் இடும் சப்ஸ்ட்ரேட்டை ‘அடிமூலக்கூறு’ என்று எழுதுவதை முதலில் கைவிடுவோம். மூலக்கூறு என்பது அணுக்கள் சேர்ந்த துகள். மரச்சீவலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ‘படுக்கை’யும் போதாது. கார்ன் ஸ்னேக் என்னும் வளர்ப்புப் பாம்பு அதன்மேல் படுப்பதோடு நிற்பதில்லை, உள்ளே வளை போட்டு ஒளிந்துகொள்ளும்.

கோழிப்பண்ணையில் ‘ஆழ்கூளம்’ என்கிறார்கள். ‘கூளம்’ அருமையான சொல், ஆனால் உதிரிப் பொருளுக்குத்தான் பொருந்தும். புதிதாக வந்த பாம்பைத் தனியே வைக்கும் நாட்களில் வெள்ளைத் தாள் விரிக்கிறோம். உண்ணியும் எச்சத்தின் நிறமும் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். லெப்பர்டு கெக்கோ என்னும் பல்லிக்குச் சிலர் ஓடு பதிக்கிறார்கள். தாளையும் ஓட்டையும் கூளம் என்று எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு ‘தரைப்பாவு’. கல் பாவுகிறோம், நாற்றுப் பாவுகிறோம். நெசவில் பாவு வேறுதான். ‘தரை’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது. உதிரிப்பாவு, தாள்பாவு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. ஸ்பிரிங்டெயில், ஐசோபாடு என்னும் சிற்றுயிர்களை விட்டு எச்சத்தை மட்கவைக்கும் மண்ணை ‘உயிர்ப்பாவு’ எனலாம்.

சொல் புழக்கத்துக்கு ஒத்துவருமா என்று எழுதிப் பார்த்தது:

“கார்ன் ஸ்னேக்குக்கு ஆஸ்பென் மரச்சீவலை 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குப் பாவினால் வளை இடியாமல் நிற்கும். நனைந்தால் பூசணம் பிடிக்கும். ஆகவே காற்றில் 60 விழுக்காட்டை ஒட்டி ஈரம் வேண்டும் ‘பால் பைதான்’ (ball python) பாம்புக்கு அது ஆகாது. அதற்குத் தென்னை நார்த்தூள் நல்லது. 650 கிராம் கட்டிக்கு முதலில் 3 லிட்டர் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, உலர்வாக இருந்தால் மட்டும் மேலும் சேர்க்கவும். பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டச் சொட்டப் பாவினால் வயிற்றுச் செதில் அழுகும். உரம் கலந்த தோட்டக் கட்டி வேண்டாம். சீடார் மரச்சீவலை எந்தப் பாம்புக்கும் பாவக் கூடாது. அதன் எண்ணெய் ஆவி மூச்சுப்பாதையைக் கெடுக்கும்.”

> என் முன்மொழிவு ‘தரைப்பாவு’.

ஐயா, எனக்கும் உடன்பாடு. இரண்டு சேர்க்கைகள்.

உயிர்ப்பாவின் அடியில் சுட்ட களிமண் உருண்டைகளை இட்டு, மேலே வலை விரித்து, அதன்மேல்தான் மண் போடுகிறோம். வலை இல்லாவிட்டால் மண் இறங்கி உருண்டைகளின் இடைவெளியை அடைத்துவிடும்; தேங்கிய நீர் நாறும். விலங்கின் உடல் படாத அந்த அடுக்கைத் தரைப்பாவில் சேர்க்காமல் ‘வடிகால் அடுக்கு’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, நார்த்தூளை இலங்கையில் தும்புத்தூள் என்பார்கள். அகராதிப் பதிவில் இரண்டும் இருக்கட்டும். வரையறையை இப்படி வைக்கலாமா: “தரைப்பாவு: வளர்ப்புப் பெட்டியின் தரையில், விலங்கின் உடல் படும்படி பரப்பும் தாள், ஓடு, சீவல், மண் முதலியன”?