பெரியவர்களுக்கு எதற்குப் பழச்சுவை மது? ஜப்பானின் சூஹை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நிஷிகசாய்வாசி

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் பணிக்காக டோக்கியோவுக்குக் குடிவந்தவன் நான். ரயில் நிலையத்தை ஒட்டிய கொன்பினி எனப்படும் சிறு பல்பொருள் கடைகளின் குளிர்பெட்டிகளில் எலுமிச்சை, பீச், திராட்சை, அன்னாசி எனப் பழப்படம் அச்சிட்ட 'சூஹை' கேன்கள் பீருக்கு இணையாக, சில கடைகளில் பீரைவிடக் கூடுதலாகவே, இடம்பிடித்திருக்கின்றன. பார்த்தவுடன் பழச்சாறு என்றுதான் எண்ணத் தோன்றும். அப்படி எண்ணி யாரும் ஏமாறக்கூடாது என்பதற்காக, உள்ளே இருப்பது மது என்று தெரிவிக்கும் தனி முத்திரையையும் கேனின் மேல் இடுகிறார்கள்.

எனக்கு வியப்பாக இருப்பது இவற்றை வாங்குவோரின் வயது. இங்கே 20 வயது நிறைந்தவர் மது அருந்தச் சட்டம் இடம் தருகிறது என்பதால் இளைஞர்கள் வாங்குவது புரிகிறது. ஆனால் ஐம்பதைக் கடந்த என் மேலாளரும், கட்டட வேலை முடித்து வருவோரும், தலை நரைத்த பெண்களும் இதே கேன்களை எடுத்துச் செல்கிறார்கள். நம் ஊரில் பிராந்தி, ரம், பீர் ஆகியவற்றையே மது என்று கருதி, இனிப்பான ப்ரீஸர் வகைகளைக் 'கல்லூரிப் பிள்ளைகள் குடிப்பது' என்று ஒதுக்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவன் என்பதால் இதைக் கேட்கிறேன். பெரியவர்களின் நாக்கு மாறிவிட்டதா, விளம்பரம் செய்யும் வேலையா, அல்லது வேறு காரணம் உண்டா? சுவை மென்மையாக இருப்பதால் போதையும் குறைவு என்று கொள்ளலாமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

பதில் 1: சுமிதா நதிக்கரையான்

தம்பி, இதை அண்மைக்கால நாகரிகம் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில், டோக்கியோவின் கீழ்நகரப் பகுதிகளில் இருந்த மலிவான மதுக்கடைகளில் ஷோச்சூ எனப்படும் ஜப்பானிய வடிசாராயத்தில் தரம் குறைந்ததுதான் கிடைத்தது. அதன் நெடியைத் தாங்க முடியாதவர்களுக்காகக் கடைக்காரர்கள் சோடாவையும் சுவைச்சாற்றையும் கலந்து கொடுத்தார்கள். ஷோச்சூ என்ற பெயரும், சோடா கலந்த மதுவைக் குறிக்கும் ஹைபால் என்ற பெயரும் சேர்ந்து 'சூஹை' ஆயிற்று. ஆக, இன்று நீங்கள் காணும் பீச் கேனின் பாட்டனைக் குடித்தவர்கள் ஆலைத் தொழிலாளர்களும் சுமை தூக்குவோரும்தான். அவர்களை யாரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது.

கடையில் கலந்து கொடுத்ததை ஆலையில் அடைத்து விற்கும் முறை 1980களில் வந்தது. 1983-இல் தோயோ ஜோசோ நிறுவனம் 'ஹைலிக்கி' என்ற பெயரில் புட்டியிலும், அடுத்த ஆண்டில் தகாரா நிறுவனம் கேனிலும் சூஹையை வெளியிட்டன. தகாராவின் தொடக்ககால விளம்பரங்களில் ஹாலிவுட் நடிகர் ஜான் ட்ரவோல்டா நடித்தார் என்பதிலிருந்து, அந்தப் பானத்தின் மீதிருந்த ஏழை முத்திரையைக் கழற்ற அவர்கள் எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருந்தார்கள் என்பதை ஊகிக்கலாம்.

இரண்டாவது பாய்ச்சல் 2001-இல் கிரின் நிறுவனம் வெளியிட்ட 'ஹ்யோகெட்சு'. அது ஷோச்சூவைக் கைவிட்டு, தனக்கென்று மணம் ஏதும் இல்லாத வோட்காவை அடிப்படையாகக் கொண்டது. பழச்சாற்றையும் காய்ச்சிக் கெட்டியாக்காமல் உறையவைத்துப் பயன்படுத்தியது. மறைக்க வேண்டிய நெடியே இல்லாமற் போனதால், அதுவரை துணையாக இருந்த பழம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. திறந்தவுடன் அழுத்தம் குறைந்து மேற்பரப்பில் வைரப்பட்டை போன்ற மடிப்புகள் துலங்கும் அதன் கேனை நீங்களும் கடையில் பார்த்திருப்பீர்கள்.

பதில் 2: வரிக்கணக்கன்

வரலாறு சரியானதே. ஆனால் சூஹை இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு பெருகியும் இருப்பதற்கு முதன்மைக் காரணத்தை நான் நாக்கில் தேடமாட்டேன். நிதியமைச்சகத்தின் வரி அட்டவணையில் தேடுவேன்.

ஜப்பானின் மதுவரி, பானத்தில் எவ்வளவு ஆல்கஹால் உள்ளது என்பதைவிட, அந்தப் பானம் எந்த வகையில் அடங்குகிறது என்பதையே முக்கியமாகப் பார்க்கிறது. 2020 அக்டோபருக்கு முன் 350 மில்லிலிட்டர் பீருக்கு 77 யென் வரி இருந்தபோது, அதே அளவு சூஹைக்கு 28 யென் மட்டுமே. பின்னர் பீரின் வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2023 அக்டோபரில் 63.35 யென்னுக்கு வந்தது. அப்போதும் சூஹையின் வரி அசையவில்லை. இதைவிட வேடிக்கையானது, ஆல்கஹால் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை அந்த 28 யென் மாறுவதே இல்லை என்பது. சன்டோரி நிறுவனத்தின் 3 விழுக்காட்டு 'ஹொரோயோய்' கேனும், அதே நிறுவனத்தின் 9 விழுக்காட்டு 'ஸ்ட்ராங் ஜீரோ' கேனும் ஒரே வரியைத்தான் செலுத்துகின்றன. கணக்கிட்டுப் பாருங்கள்: ஹொரோயோய் குடிப்பவர் ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 3.3 யென் வரி கட்டுகிறார். 5 விழுக்காட்டு பீர் குடிப்பவர் 4.5 யென் கட்டுகிறார். ஸ்ட்ராங் ஜீரோ குடிப்பவர் 1.1 யென் மட்டுமே கட்டுகிறார். மிதமாகக் குடிப்பவரிடம் அதிகமாகவும், சீக்கிரம் போதையேற விரும்புபவரிடம் குறைவாகவும் வசூலிக்கும் இந்த ஏற்பாட்டில், எல்லைக்கோட்டுக்கு ஒரு படி கீழே, சரியாக 9 விழுக்காட்டில் வந்து நிற்கும் பானங்கள் பெருகியதில் வியப்பென்ன?

பழச்சுவை மதுவை வரி வடிவமைப்பது ஜப்பானில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 1980களில் வெள்ளை வைனும் பழச்சாறும் கலந்த 'வைன் கூலர்'கள் கொடிகட்டிப் பறந்தன. 1991-இல் வைன் மீதான கூட்டரசு வரி காலனுக்கு 17 சென்ட்டிலிருந்து 1.07 டாலராக ஏற்றப்பட்டதும், உற்பத்தியாளர்கள் வைனை விட்டுவிட்டு, பீரைப் போல மால்ட்டிலிருந்து (முளைகட்டிய தானியம்) எடுத்த அடிப்படைக்கு மாறினார்கள். பெயரும் சுவையும் நிலைத்தன; உள்ளே இருந்த மது மட்டும் ஆள் மாறியது. பிற நாடுகளில் வோட்காவோடு அறிமுகமான ஸ்மிர்னாஃப் ஐஸ் அமெரிக்காவில் மால்ட் பானமாக விற்கப்படுவதற்கும், 2016-இல் வந்த வைட் க்ளா போன்ற 'ஹார்ட் செல்ட்சர்'கள் (மது கலந்த பழச்சுவைச் சோடா) பீருக்கான வரியோடு விற்கப்படுவதற்கும் பின்னால் இதே கணக்குத்தான் இருக்கிறது.

ஜெர்மனி 2004-இல் சாராயம் கலந்த இனிப்புப் பானங்களுக்குத் தனி வரி விதித்தது. ஒரு சிறு புட்டிக்கு 80 சென்ட்டுக்கு மேல் விலை ஏறியதால் அவை அங்காடிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. அந்த இடத்துக்கு பீரையோ வைனையோ அடிப்படையாகக் கொண்ட இனிப்புப் பானங்கள் வந்தன. 2008 ஏப்ரலில் ஆஸ்திரேலியா இதே வகையின் மீதான வரியை, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 39.36 டாலரிலிருந்து 66.67 டாலராக உயர்த்தியது. இப்படி வரி ஏற்றிய நாடுகளில், பானத்தை விரும்பியவர்களில் ஒரு பகுதியினர் குடிப்பதை விடவில்லை. பானத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

பதில் 3: மருந்தியல் ஆசிரியை

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு மட்டும் விடையளிக்கிறேன். சுவையை வைத்துப் போதையின் அளவைக் கணிக்கவே கூடாது.

இனிப்பு, கசப்பை உணரும் திறனை மட்டுப்படுத்துகிறது. புளிப்பும் குளிர்ச்சியும் ஆல்கஹாலின் எரிச்சலிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. குழந்தைகளுக்கான கசப்பு மருந்தைப் பாகில் கலந்து தருவதில் இருப்பது இதே உத்திதான். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது என்பதால், இத்தகைய பானங்களின் இனிப்பு பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்படுவதே. சேர்க்கப்படுவது எப்போதும் சர்க்கரையும் அன்று. ஸ்ட்ராங் ஜீரோவின் பெயரில் உள்ள சுழியம் சர்க்கரை இன்மையைக் குறிக்கிறதே தவிர, ஆல்கஹாலோடு அதற்குத் தொடர்பில்லை. இனிப்பைச் செயற்கை இனிப்பூட்டிகள் தருகின்றன. சர்க்கரை கலந்த பானத்தைவிடச் செயற்கை இனிப்பூட்டி கலந்த பானம் இரைப்பையை விரைவாகக் கடப்பதால், அதே அளவு மதுவுக்கு இரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறியதைச் சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'சர்க்கரை இல்லை, உடம்புக்கு நல்லது' என்று எடுப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

கேனில் உள்ள விழுக்காட்டைக் கிராமாக மாற்றப் பழகுங்கள். மில்லிலிட்டரை விழுக்காட்டால் பெருக்கி நூறால் வகுத்து, வந்ததை 0.8-ஆல் பெருக்கினால் போதும். 3 விழுக்காட்டு 350 மில்லிலிட்டர் கேனில் 8.4 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. 9 விழுக்காட்டுக் கேனில் 25.2 கிராம், அதன் 500 மில்லிலிட்டர் கேனில் 36 கிராம். ஜப்பான் சுகாதார அமைச்சகம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட மதுப்பழக்க வழிகாட்டி, வாழ்க்கைமுறை நோய்களின் ஆபத்தைக் கூட்டும் அளவாக ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 40 கிராமையும் பெண்களுக்கு 20 கிராமையும் குறிப்பிடுகிறது. இனிப்பாக, குளிர்ச்சியாகப் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடும் 9 விழுக்காட்டுச் சிறிய கேன் ஒன்றே, ஒரு பெண்ணுக்கு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அவை பாதுகாப்பான அளவுகள் என்றும் பொருள் கொள்ள வேண்டாம்; ஆபத்து அதற்குக் கீழேயும் உண்டு.

பதில் 4: ஒசாகா வானதி

வரிக்கணக்கன் ஐயாவின் கணக்கு அருமையானது என்றாலும், அது 9 விழுக்காட்டுக் கேனை மட்டுமே விளக்குகிறது. வரி ஒன்றே காரணமானால், ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு மூன்று மடங்கு வரி விழும் 3 விழுக்காட்டு ஹொரோயோய்க்கு இத்தனை பேர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? போதை வேண்டாம், ஆனால் மற்றவர்களோடு அமர்ந்து ஒரு கேனைத் திறக்க வேண்டும் என்று விரும்பும் பெரியவர்கள் இங்கே ஏராளம். ஜப்பானியர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு, ஆல்கஹால் சிதைவில் உண்டாகும் அசிட்டால்டிஹைடை அகற்றும் நொதியின் திறன் பிறவியிலேயே குறைவு; இரண்டு மிடறு குடித்தாலே முகம் சிவந்துவிடும். அவர்களுக்கு மென்மையான பானம் என்பது தேவை. அதைக் குழந்தைத்தனம் என்று கேலி செய்வதில் பொருளில்லை.

மேலும், கசப்பை விரும்புவதுதான் வயதுவந்தவரின் அடையாளம் என்ற எண்ணமே எனக்கு உடன்பாடில்லை. முன்பெல்லாம் அலுவலக விருந்துகளில் எல்லாருக்கும் முதலில் ஒரு சுற்று பீர் என்பது எழுதாத விதியாக இருந்தது. பிடிக்காதவர்களும், குறிப்பாகப் பெண்கள், முகம் சுளிக்காமல் குடித்தார்கள். அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் அவரவர் விரும்பியதை வரவழைக்கத் தொடங்கினார்கள். உங்கள் மேலாளர் ஐம்பது வயதில் திடீரென்று பீச் சுவைக்கு மாறியிருக்க மாட்டார். இவ்வளவு காலம் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார் என்பது என் ஊகம்.

நிஷிகசாய்வாசி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. 'மைனஸ் 196' என்று எண்ணையே பெயராகக் கொண்ட கேன் ஒன்று எங்கும் தென்படுகிறது. அது என்ன அளவு? இன்னொன்று: கடைகளில் 9 விழுக்காட்டுக் கேன்களின் வரிசை சுருங்கிவருவது போலத் தோன்றுகிறதே, அது உண்மையா?

பதில்: சுமிதா நதிக்கரையான்

தம்பி, அது திரவ நைட்ரஜனின் வெப்பநிலை, செல்சியஸில். முழுப்பழத்தைத் தோலோடு அந்தக் குளிரில் உறையவைத்துப் பொடித்து ஆல்கஹாலில் ஊறவைக்கும் சன்டோரியின் முறையைக் குறிக்கிறது, 2005-இல் வந்தது. 2009-இல் வெளியான ஸ்ட்ராங் ஜீரோவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எலுமிச்சையின் மணம் பெரும்பகுதி தோலில் இருப்பதால், சாற்றை மட்டும் பிழிந்து சேர்த்தால் கிடைக்காத மணம் இதில் கிடைக்கிறது. கொக்க கோலா நிறுவனமே 2018-இல் தெற்கே உள்ள கியூஷு தீவில் 'லெமன் டோ' என்ற எலுமிச்சைச் சூஹையை இறக்கி, மறு ஆண்டு நாடு முழுவதும் விற்றது. குளிர்பானம் விற்றே உலகை வளைத்த நிறுவனம் மது விற்க ஜப்பானின் எலுமிச்சைச் சூஹையைத் தேர்ந்தெடுத்தது என்றால், இங்கே எலுமிச்சைக்கு உள்ள இடம் விளங்கும்.

பதில்: ஒசாகா வானதி

இரண்டாம் கேள்விக்கு: ஆம். 2024 தொடக்கத்தில் அசாஹி நிறுவனம் 8 விழுக்காடோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள புதிய சூஹைகளை வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது; சப்போரோவும் அதே வழியில் சென்றது. மற்றொரு மாற்றம், இனிப்பே இல்லாத சூஹை. கிரின் 2020-இல் சர்க்கரையும் இனிப்பூட்டியும் சேர்க்காத ஹ்யோகெட்சுவை வெளியிட்டதிலிருந்து அந்த வகை வளர்ந்துவருகிறது. சோற்றோடும் மீனோடும் குடிக்க இனிப்பு ஒத்துவராது என்பார் என் மாமியார். அவர் எடுப்பதும் அந்தக் கேனைத்தான். பழம் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்ற இந்தக் கூட்டத்தை யாரும் மறந்துவிட வேண்டாம்.

பதில்: வரிக்கணக்கன்

சகோதரி வானதி சொல்வதை ஏற்கிறேன். ஹொரோயோய்க்கு என் கணக்கில் விடையில்லை. ஆனால் சில நிறுவனங்கள் தாமாக 9 விழுக்காட்டிலிருந்து விலகத் தொடங்கியதற்கு ஈடாகச் சட்டம் எதையும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிச் சீர்திருத்தத்தின்படி 2026 அக்டோபரில் 350 மில்லிலிட்டர் பீரின் வரி 54.25 யென்னாகக் குறைகிறது, சூஹையின் வரி 35 யென்னாக ஏறுகிறது; இடைவெளி 35.35 யென்னிலிருந்து 19.25 யென்னாகச் சுருங்குவதால் பீர் பக்கம் சிலர் திரும்பக்கூடும். ஆனால் அந்த 35 யென்னும் 3 விழுக்காட்டுக்கும் 9 விழுக்காட்டுக்கும் ஒன்றேதான். போதாக்குறைக்கு, அந்த ஒற்றை விகிதம் பொருந்தும் எல்லையை 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்பதிலிருந்து 11 விழுக்காட்டுக்குக் கீழ் என்று தளர்த்தவும் செய்திருக்கிறார்கள்.