புதுப்பிப்பு: ஜிபிஜி சாவி உருவாகாமல் நின்ற சிக்கல் தீர்ந்தது

செங்கோட்டைக் கடையில் திரையும் கீபோர்டும் இல்லாமல் ஓடும் பழைய லினக்ஸ் சர்வரில், ஜிபிஜி (ஃபைல், மெயிலை மறையாக்கம் செய்யும் மென்பொருள்) சாவி உருவாக்கச் சொன்னால் ‘ரேண்டம் பைட்டுகள் போதவில்லை’, அதாவது சாவிக்கு வேண்டிய யூகிக்க முடியாத எண்கள் போதவில்லை என்று அப்படியே நிற்கிறதே என்று கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

டிஸ்க் அசைவிலிருந்து லினக்ஸ் ரேண்டம் எண்களைச் சேர்க்கட்டும் என்று, ஃபைல் தேடும் ஃபைண்ட் கமாண்டை ஓடவிட்டு டிஸ்க்குக்கு வேலை கொடுக்கும் யோசனை கொஞ்சம் நகர்த்தியது, அவ்வளவுதான். புனலூர் அண்ணன் சொன்ன ஹேவ்ஜ்டியை (haveged, ரேண்டம் எண்களைச் சேர்த்துத் தரும் மென்பொருள்) நிறுவியதும் என்ட்ரோபி அளவு (கைவசம் சேர்ந்திருக்கும் ரேண்டம் தன்மையின் கணக்கு, பிட்டில்) சட்டென்று 2000-ஐத் தாண்டியது, 4096 பிட் சாவி டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: புது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) உள்ள இன்னொரு மெஷினில் அந்த அளவு 256-லேயே நிற்கிறது. கோளாறு இல்லை, கர்னல் 5.18 பதிப்பு முதல் அதுதான் முழு அளவு. 5.6-இல் இருந்தே, பூட் ஆகும்போது ஒருமுறை தயாராகிவிட்டால் ரேண்டம் பைட்டுகள் கேட்டால் கர்னல் அப்புறம் காக்க வைப்பதில்லை, அதனால் அங்கே ஹேவ்ஜ்டி போடவில்லை.