ஸ்மிர்னா பாடல்களின் துருக்கிய வடிவங்கள்: உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். 1922ஆம் ஆண்டில் கிரேக்க-துருக்கியப் போர் விளைத்த அழிவையும் 1923ஆம் ஆண்டில் அவ்விரு நாடுகளுக்கிடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தையும் அடுத்து, இன்று இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னாவிலிருந்தும் ஆசியா மைனரின் பிற ஊர்களிலிருந்தும் ஏதென்சுக்கும் பிரேயஸ் துறைமுகத்துக்கும் அகதிகளாக வந்த கிரேக்கர்கள் தம்முடன் கொண்டுவந்த பாடல்களைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். கிரேக்கம், துருக்கியம், ஸ்பானிய வழி யூதர்களின் மொழியான லடினோ எனப் பல மொழிகளில் பாடிய ரோசா எஸ்கெநாசியின் குரல்தான் என்னை இதற்குள் இழுத்தது. பழைய இசைத்தட்டின் இரைச்சலையும் மீறி அது துலக்கமாக நிற்கிறது.

துருக்கியரின் ஒன்பது அடித் தாளமுள்ள செய்பெக் ஆட்டம் கிரேக்கத்தில் செய்பெகிகோவாக வழங்குவதும், ஹிஜாஸ் என்னும் மகாம் (நம் ராகம் போன்றது) அங்கே ஹிட்சாஸ் என்றே புழங்குவதும் எனக்கு வியப்பளிக்கின்றன. ஆனால், துருக்கிய மொழி தெரியாததால் இணையான பதிவுகளைத் தேடி எடுக்க இயலவில்லை.

ஒரே மெட்டின் கிரேக்க, துருக்கிய வடிவங்களை அடுத்தடுத்துக் கேட்கும்படியான தொகுப்பு எதையேனும் அறிந்தவர்கள், பாடியவரின் பெயரையும் பதிவான ஆண்டையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். புதியவற்றில், துருக்கிய நாட்டுப்புற இசையை ராக்குடன் கலந்து பாடிய பாரிஷ் மான்சோ, செல்டா பாஜான் ஆகியோரின் அனதோலிய ராக் பாடல்களை ஓரளவு கேட்டுவிட்டேன். அதுபோல, இந்த அகதிகளின் இசையோடு தொடர்புள்ள கிரேக்க நகர்ப்புறப் பாடல் வகையான ரெபெடிகோவை இன்றைய முறையில் பாடும் கிரேக்கக் குழுக்கள் எவை? கிரேக்க நரம்புக் கருவியான புஸூக்கி மட்டுமே முழங்காமல், உத், கானூன் போன்ற துருக்கிய இசையின் நரம்புக் கருவிகளும் ஒலிப்பவையாக இருந்தால் மகிழ்வேன்.