சிட்னியில் நாயை எங்கே அவிழ்த்து விடுவது? நம்ம கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு

வீடு, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழியாக அமைந்ததும் சிட்னியில் நம்மவர்கள் செய்யும் அடுத்த காரியம் நாய் வாங்குவதுதான். வாங்கிய கையோடு கேள்வி வந்துவிடும்: "அண்ணே, இதை எங்கே அவிழ்த்து விடலாம்?" மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்துத் தம்பிகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது விடுமுறையில் மண்டபத்தில் இருக்கிறேன், நேரமும் இருக்கிறது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டின் கம்பானியன் அனிமல்ஸ் (வளர்ப்புப் பிராணிகள்) சட்டம்தான் அடிப்படை. பொது இடம் என்றாலே நாய் கயிற்றில் இருக்க வேண்டும். அவிழ்த்துவிடலாம் என்று கவுன்சில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) அறிவித்த இடத்தில் மட்டும்தான் விதிவிலக்கு. அங்கேயும் ஒரு ஆள் நான்கு நாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல், சறுக்கு இருக்கும் இடத்திலிருந்து 10 மீட்டருக்குள் நாய் போகக் கூடாது. கழிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். குட்டி பிறந்து 12 வாரத்துக்குள் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), 6 மாதத்துக்குள் பதிவு. இன்னொன்று, நம் ஆட்களுக்கு இது புரிவதே இல்லை: நாய் கடித்தால்தான் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓடிப்போய் மேலே பாய்ந்தாலும், துரத்தினாலும், காயமே இல்லாவிட்டாலும் இந்தச் சட்டத்தில் அது தாக்குதல்தான். "சும்மா விளையாடுது, கடிக்காது" என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பூங்காவைத் தேர்ந்தெடுக்க நம்மவர்கள் பார்ப்பது மூன்று: வீட்டுக்குப் பக்கமா, பெரிதா, கார் நிறுத்த இடம் உண்டா. நாயின் குணம் எப்படி என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாம் அப்படிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. நம் கரையில் நாய் பிறந்ததிலிருந்தே அவிழ்த்துவிட்ட நாய்தான். அதற்கு எதற்குத் தனியாக ஒரு இடம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நம் கரை நாய்கள் சண்டை போடாமல் எப்படிச் சமாளிக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். இங்கே மண்டபத்து வடக்குக் கரையில் வல்லத்து (படகு) நிழலில் ஒரு செவலை நாய் எப்போதும் படுத்திருக்கும். வேற்றுத்தெரு நாய் ஒன்று வந்தால் எழுந்து நாலடி நடந்து நிற்கும், அவ்வளவுதான். வந்தது நேராக வராது. தலையை ஒரு பக்கம் திருப்பும், மணலை மோந்து பார்ப்பதுபோல் நேரம் கடத்தும், பிறகு தண்ணீரோரமாக ஒரு பெரிய வளைவு போட்டுக் கடந்து போய்விடும். செவலை மறுபடி படுத்துக்கொள்ளும். குரைப்பு கூட இல்லை. இவ்வளவும் நடப்பது அந்த வளைவைப் போட அங்கே இடம் இருப்பதால்தான்.

வேலி போட்ட சின்னப் பூங்காவில் அந்த வளைவுக்கு இடம் கிடையாது. கதவைத் திறந்ததும் ஐந்தாறு நாய்கள் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லை, யாருடைய எல்லை என்றும் இல்லை. சில நாய்களுக்கு அது திருவிழா, சிலவற்றுக்குத் தண்டனை. உங்கள் நாய் இரண்டில் எது என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

பயந்த சுபாவம் உள்ள நாயை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காப்பகத்திலிருந்து எடுத்துவந்த நாய்களில் இந்த ரகம் நிறைய. "நாலு நாயோடு பழகினால் பயம் தெளிந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். பயந்த நாயைக் கூட்டத்துக்குள் தள்ளினால் பயம் கூடும். கொஞ்ச நாளில் அது முந்திக்கொண்டு கடிக்கக் கற்றுக்கொள்ளும். வாலைக் காலிடுக்கில் செருகுவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே வேறு அடையாளங்கள் வரும்: தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், தின்ன எதுவும் இல்லாமல் உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உங்கள் முழங்காலுக்கு நடுவில் வந்து நிற்கும். இதில் இரண்டு தெரிந்தாலே கிளம்பிவிடுங்கள்.

இந்த நாய்க்கு வேலி இல்லாத, பரந்த, நடந்துகொண்டே இருக்கக்கூடிய இடம்தான் நல்லது. ஆனால் கூப்பிட்டால் வரும் நாயாக இருக்க வேண்டும். அதுவரை 10 மீட்டர் நீளக் கயிறு. செயின்ட் பீட்டர்ஸ் பக்கம் இருக்கும் சிட்னி பார்க் இந்த வகை. பழைய செங்கல் சூளைப் புகைபோக்கிகள் நிற்குமே, அந்த இடம்தான். சுமார் 40 ஹெக்டேர், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். எதிரே ஒரு முரட்டு நாய் வந்தால் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கேயும் கூட்டம்தான், வார நாளில் போங்கள். வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்கேபி பக்கம் இருப்பவர்களுக்கு அது தூரம். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் அவிழ்த்துவிடும் இடங்களின் பட்டியல் இருக்கும். அதில் எது வேலியுள்ளது, எது திறந்தவெளி என்று பாருங்கள். ஒரே பகுதியில் இருக்கும் இரண்டு பூங்காக்கள் கூட எதிரெதிர்க் குணமாக இருக்கும். வடக்கே அமைதியான பெண்கடல், தெற்கே கொந்தளிக்கும் ஆண்கடல் என்று இரண்டை வைத்துப் பிழைத்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். எந்தப் பக்கம் எப்போது இறங்கலாம் என்று பார்த்துத்தானே இறங்குவோம்.

முரட்டு விளையாட்டுக்காரர்கள், அதாவது ஒரு வயது லாப்ரடார், பாக்ஸர் வகையறா, இவர்களுக்கு வேலிப் பூங்கா சொர்க்கம். கதவு இரண்டடுக்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கதவை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும், நடுவில் நின்று கயிற்றை அவிழ்க்க வேண்டும். உள்ளே மற்றவை அவிழ்ந்து திரியும்போது உங்கள் நாய் மட்டும் கயிற்றில் இருந்தால் அதற்குத் தப்ப வழியில்லை என்ற பதற்றம் வரும், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும். வாசலில் மற்ற நாய்கள் மொய்த்து நின்றால் அவை கலையும்வரை வெளியே நில்லுங்கள். உள்ளே போனதும் வாசலை விட்டு நகர்ந்துவிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போடும் இடம் அது இல்லை.

விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்? நல்ல விளையாட்டில் துரத்தியது கொஞ்ச நேரத்தில் துரத்தப்படும், கீழே கிடந்தது மேலே வரும், நடுவில் இரண்டும் நின்று மூச்சு வாங்கும். ஒன்றே எப்போதும் மேலே இருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போது மேலே இருப்பதைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். கீழே கிடந்தது திரும்ப வந்து வம்பிழுத்தால் விளையாட்டு. ஓடிப்போய் ஒளிந்தால், அது அதுவரை பயந்து சகித்துக்கொண்டு கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சிப்பிப்பாறையையும் கன்னியையும் பார்த்தவர்களுக்கு கிரேஹவுண்ட் புரியும். வீட்டில் சோபாவை விட்டு எழாது, ஓடுகிற சின்ன உருவம் ஒன்று கண்ணில் பட்டால் வேறு நாயாகிவிடும். அதற்குத் தெரிவது முயல்தான், பக்கத்து வீட்டு மால்டீஸ் இல்லை. ஓட்டக்கார வேட்டை நாய்களுக்கு நாலு பக்கமும் வேலி வேண்டும், அந்த நேரத்தில் உள்ளே சின்ன நாய் இருக்கக் கூடாது. கிரேஹவுண்டுக்கு மாநிலத்துக்கு மாநிலம் தனி விதி இருக்கிறது, அவிழ்ப்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சின்ன நாய்க்காரர்களே, உங்களுக்கும் இதே பதில்தான்: சின்ன நாய்களுக்கென்று தனியாகப் பிரித்திருக்கும் பூங்காவுக்குப் போங்கள். இல்லாத இடத்தில் பெரிய நாய்கள் ஓடும்போது உள்ளே போகாதீர்கள். தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், தூக்கினால் மற்றவை உங்கள் மேல் தாவும்.

கெல்பி, பார்டர் காலி, கேட்டில் டாக் எல்லாம் மந்தை மேய்க்கப் பிறந்தவை. ஆடு கிடைக்காவிட்டால் ஓடுகிற பிள்ளைகளையும் மற்ற நாய்களையும் வளைத்து, குதிகாலில் மெல்லக் கவ்வும். சின்ன வேலிக்குள் இது எல்லோருக்கும் தொல்லை. திறந்தவெளியும் எறிய ஒரு பந்தும் போதும். ஆனால் பந்தை யாருக்கும் விட்டுத்தராத நாயாக இருந்தால் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள், கூட்டத்தில் பந்தை எடுக்கவே எடுக்காதீர்கள். தின்பண்டமும் அப்படித்தான். பீகிள் மாதிரி மூக்கால் வாழும் நாய்க்குத் துணையே தேவையில்லை, வேலி இருந்தால் போதும். வயதான நாய்க்கும் காலை நேரத்து அமைதியான புல்வெளி போதும்.

கடற்கரைக்கு வருகிறேன். நம்மவர்களுக்கு ஆசை அங்கேதான் என்று தெரியும். பாட்டனி விரிகுடாவில் கையீமா, துறைமுகத்துப் பக்கம் ரோஸ் பே, மோஸ்மனில் சிரியஸ் கோவ் ஆகிய இடங்களில் நாய்களை அவிழ்த்துவிடும் கரைகள் இருக்கின்றன. அலை பெரிதாக அடிக்காது, தண்ணீருக்குப் புதிய நாய்க்கு அது நல்லது. சிரியஸ் கோவில் வார இறுதியில் நேரக் கட்டுப்பாடு உண்டு. பொதுவாகவே நாய்க் கடற்கரைகளில் பலகையைப் படிக்காமல் கயிற்றை அவிழ்க்காதீர்கள், பல இடங்களில் அதிகாலையும் மாலையும் மட்டும்தான். குணம் என்று பார்த்தால் கடற்கரை பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துவரும், ஏனென்றால் கரை நீளமானது, விலகிப் போக இடம் உண்டு. பந்துக்காகச் சண்டை பிடிப்பவையும் வெடிச்சத்தத்துக்கு அஞ்சுவதுபோல் அலைச்சத்தத்துக்கே அஞ்சுபவையும் மட்டும் விலக்கு.

ஆனால் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பாருங்கள். நம் வலையில் ஏறும் பேத்தையை யாரும் சட்டிக்குக் கொண்டுபோவதில்லை, அதன் விஷம் நமக்குத் தெரியும். சிட்னிக் கரைகளிலும் அந்த இன மீன்கள் ஒதுங்கும், டோட்ஃபிஷ் என்பார்கள். ஊதிப்போன பந்து மாதிரி கிடப்பதைப் பார்த்து நாய் வாயில் போட்டுக்கொள்ளும். செத்துக் காய்ந்ததிலும் விஷம் இருக்கும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே நேராகக் கால்நடை மருத்துவர்தான், காத்திருந்து பார்க்கும் வேலை வேண்டாம். நீலமாக ஒதுங்கும் சொறியையும் (ஜெல்லி மீன் மாதிரி இருப்பது) பாருங்கள், மூக்கை வைத்தால் கொட்டிவிடும். தூண்டில் முள், மீன்பிடிப்பவர்கள் விட்டுப்போன இரை எல்லாம் உண்டு. கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். புதர்க்காடு ஒட்டிய இடமாக இருந்தால் திரும்பி வந்ததும் உண்ணி பாருங்கள், காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில். கிழக்குக் கரையோர உண்ணி நாயை முடக்கிக் கொன்றுவிடும். நம் ஊர் உண்ணியை நினைத்து அலட்சியமாக இருக்காதீர்கள்.

குட்டி வைத்திருப்பவர்கள் தடுப்பூசித் தொடர் முடியும்வரை எந்தப் பூங்காவும் வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதம் கிடக்கும். இருமல் தொற்றும் சேர்த்துத் தடுக்கும் சி5 ஊசியைப் பூங்காவுக்குப் போகும் நாய்க்கெல்லாம் கேட்டு வாங்குங்கள், சி3 மட்டும் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சண்டை வந்துவிட்டால் என்னண்ணே செய்வது?" நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போய்த்தான் பெரும்பாலும் கடி வாங்குகிறார்கள். தண்ணீர் ஊற்றலாம், பெரிய சத்தம் எழுப்பலாம். விடாவிட்டால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். பிறகு எதிராளியின் பெயர், தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லக் காரணம், அங்கே வருடக்கணக்காகப் பேசிக்கொள்பவர்களுக்கு ஒருவர் நாயின் பெயர் மற்றவருக்குத் தெரியும், ஆளின் பெயர் தெரியாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும்போது நாயை அவர்களிடம் கொடுத்தனுப்புகிறவர்கள் அதிகம். அப்பாவுக்குக் கயிறு கட்டுவதே பாவமாகத் தெரியும், தெருமுனையிலேயே அவிழ்த்துவிடுவார். முதல் சில நாள் கூடவே போய், எந்த வேலிக்குள் அவிழ்க்கலாம் என்று இடத்தைக் காட்டிவிடுங்கள். ஊரில் கடி வாங்கி ஊசி போட்ட பயம் அம்மாவுக்கு இருந்தால், ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் வெறிநோய் கிடையாது என்று சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். ஊரில் வளர்த்த நாயை அழைத்துவர முடியுமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து நேரடியாக முடியாது. வேறொரு அனுமதி பெற்ற நாட்டில் தங்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

கடைசியாக, எந்தப் பூங்காவும் ஒத்துவராத நாய்களும் உண்டு. அதில் குறை எதுவும் இல்லை. அவற்றுக்கு நீளக் கயிற்றில், ஆள் நடமாட்டம் இல்லாத திடலில், மோந்து மோந்து நடக்க முக்கால் மணி நேரம் கொடுங்கள். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள், நீளக் கயிற்றில் வேகமாக ஓடி நின்றால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.